கணினிப் பாடமே ஆங்கிலப் பாடம்



தோட்டத்துப் பையன் ஒருவன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரன், பழுதுபட்ட மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்தான். இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் படித்துத் தேறினான். இப்போது கணினிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றுகிறது. அவன் கை நின்றுவிடுகிறது. பக்கத்து நாற்காலிக்காரன் எதை அழுத்துகிறானோ, இவனும் அதையே அழுத்துகிறான். பாடம் முடிந்துவிடுகிறது, இவன் ஒன்றும் கற்கவில்லை.

இப்படியே நாலு மாதம் போனால் என்ன ஆகும்? "எனக்குக் கணினி வராது" என்று அவனே முடிவு கட்டிவிடுவான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாலும் வந்துவிடுவான். உண்மையில் அவனைத் தடுத்தது கணினியா? இல்லை, திரையில் தோன்றிய அந்த ஒரு வரிதான்.

இத்தகைய பிள்ளைகளிடம், "முதலில் ஆங்கிலத்தை நன்றாகப் படி, கணினியைப் பிறகு பார்க்கலாம்" என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு ஆற்றில் இறங்கு என்பது போன்ற அறிவுரை இது. கணினியைக் கற்கும்போதே, கணினியைக் கொண்டே ஆங்கிலத்தைக் கற்க முடியும். அது எப்படி என்பதைத்தான் இன்றைய உரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதற்படி, பெயர்கள். கணினித் துறையின் சொற்களில் பெரும்பாலானவை வானத்திலிருந்து விழுந்தவையல்ல. வீடு, மரம், கடை, கப்பல் ஆகியவற்றிலிருந்து இரவல் வாங்கியவை. கையால் நகர்த்தும் கருவிக்கு 'மவுஸ்' என்று பெயர். மவுஸ் என்றால் எலி. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968ஆம் ஆண்டில் அக்கருவியைப் பலர் முன் இயக்கிக் காட்டினார். சிறிய உடலும் வால் போன்ற கம்பியும் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கணினியில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு 'ட்ரீ' என்று பெயர், அதாவது மரம். அதன் தொடக்க இடம் 'ரூட்', வேர். அதிலிருந்து பிரிவது 'பிராஞ்ச்', கிளை. கடைசியில் இருப்பது 'லீஃப்', இலை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கணினிக்காரர்கள் வரையும் மரத்தில் வேர் மேலே இருக்கும், இலை கீழே இருக்கும். பால்மரத்தோடும் செம்பனையோடும் வளர்ந்த பிள்ளைக்கு வேரும் கிளையும் புதிய செய்திகளா என்ன?

'லாக் இன்' என்ற சொல்லைப் பாருங்கள். 'லாக்' என்றால் மரக்கட்டை. பழங்காலத்தில் கப்பலின் வேகத்தை அறியக் கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து அளந்தார்கள். அந்த அளவை எழுதி வைத்த ஏட்டுக்கு 'லாக் புக்' என்று பெயர் வந்தது. நாளடைவில் எதையும் நேரப்படி பதிவு செய்யும் ஏட்டுக்கு அதுவே பெயராயிற்று. கணினிக்குள் நம் பெயரைப் பதிந்துவிட்டு நுழைவது 'லாக் இன்'. காலையில் பெரட்டுக்குப் போய்ச் செக்ரோலில் பெயர் பதிந்த பிறகு வேலைக்குப் போவது நம்மவர்களுக்குப் பழக்கமான ஒன்றுதானே?

அத்தகைய ஒரு லாக் புக்கில் 1947ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான பதிவு இடம்பெற்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'மார்க் டூ' என்னும் கணினி பழுதானபோது, உள்ளே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து ஏட்டிலேயே ஒட்டி, குறிப்பும் எழுதி வைத்தார்கள். பூச்சிக்கு ஆங்கிலத்தில் 'பக்'. இயந்திரக் கோளாறைப் 'பக்' என்று சொல்லும் வழக்கம் அதற்கும் முன்பே இருந்தது. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொருள்களைக் கற்கும் மாணவன், கணினிச் சொல்லையும் அறிகிறான். அன்றாட ஆங்கிலத்தையும் அறிகிறான்.

இரண்டாம் படி, கட்டளைகள். 'ஓப்பன்' திற, 'சேவ்' சேமி, 'சென்ட்' அனுப்பு, 'டிலீட்' அழி. கைப்பேசியில் நாள்தோறும் அழுத்தும் சொற்கள்தாம். இவை எல்லாம் வினைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் இறந்தகால வடிவம் உண்டு. 'சேவ்' என்பது 'சேவ்ட்' ஆகும். 'சென்ட்' என்பதன் கடைசி எழுத்து 'டி'. இறந்தகாலத்தில் அது 'டீ' என்ற எழுத்தாக மாறும். அதாவது தேநீரைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தாக. 'ஃபைண்ட்' என்பது 'ஃபவுண்ட்' ஆகும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மலாய் மொழியில் காலத்திற்கேற்ப வினைச்சொல் மாறுவதில்லை. 'சுடா', 'அக்கான்' போன்ற துணைச்சொற்கள் காலத்தைக் காட்டிவிடும். ஆகவே மலாயில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இறந்தகாலத்தை விட்டுவிடுவதுண்டு. தமிழிலோ சேமிக்கிறேன், சேமித்தேன், சேமிப்பேன் என்று வினைச்சொல்லே மாறுகிறது. ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் காலம் தவறாது. மலாயும் உதவாமல் போகாது. 'சிம்பான்' என்றால் சேமி. 'டிசிம்பான்' என்றால் சேமிக்கப்பட்டது. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையைப் புரிந்துகொள்ள அந்த 'டி' நல்ல வழிகாட்டி. மூன்று மொழிகள் நம் பிள்ளைகளுக்குச் சுமை என்று நினைக்கிறோம். அவை ஒன்றுக்கொன்று கைகொடுக்கக் கூடியவை.

மூன்றாம் படி, திரையில் வரும் செய்திகள். நம் மாணவனின் கையை நிறுத்தியது இதுதான். பெரியவர்களுக்குத் தந்தி நினைவிருக்கும். சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால், தேவையற்ற சொற்களை வெட்டிவிட்டு அனுப்புவோம். கணினியின் செய்தியும் தந்தி போன்றதுதான். 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், அதில் ஒரு வினை வெட்டப்பட்டிருக்கிறது. 'தி ஃபைல் வாஸ் நாட் ஃபவுண்ட்' என்பதே முழு வாக்கியம். கோப்பு காணப்படவில்லை என்று பொருள். 'அக்சஸ் டினைட்' என்றால் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. மாணவன் ஒவ்வொரு செய்தியையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதை முழு வாக்கியமாக விரிக்க வேண்டும். நாளுக்கு இரண்டு செய்தி என்றாலும், மூன்று மாதத்தில் நூற்றெண்பது வாக்கியங்கள் கைவசமாகும்.

சில செய்திகளைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. முன்பு விண்டோஸ் கணினிகளில் 'இல்லீகல் ஆப்பரேஷன்' என்று ஒரு செய்தி வரும். 'இல்லீகல்' என்றால் சட்டவிரோதம் என்பதால், அதைக் கண்டு திடுக்கிட்டவர்கள் உண்டு. கணினி ஏற்காத செயல் ஒன்றை அந்த மென்பொருள் செய்துவிட்டது என்பதே அதன் பொருள். சொல்லின் அகராதிப் பொருளோடு நில்லாமல், அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி மிக முக்கியமானது. பெரிய பெரிய சொற்களே கடினம் என்று நாம் எண்ணுகிறோம். 'கம்ப்யூட்டர்', 'டேட்டா', 'ஃபைல்' ஆகியவை மலாயிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. காலை வாரிவிடுபவை சின்னஞ்சிறு சொற்கள். 'பிஃபோர்' முன்பு, 'ஆஃப்டர்' பிறகு, 'அன்டில்' வரைக்கும், 'அன்லெஸ்' என்றால் 'இல்லாவிட்டால்'. மேல்மூடியைக் கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. 'முன்' என்பதைப் 'பின்' என்று படித்தால் என்ன ஆகும்? மதிப்பெண் குறைவதோடு போகாது, உயிருக்கே ஆபத்து.

இணையத்தை உருவாக்கிய வல்லுநர்களே இச்சிறு சொற்களின் அருமையை உணர்ந்திருந்தார்கள். இணையத்தின் முன்னோடி வலையமைப்பு தொடங்கிய 1969ஆம் ஆண்டு முதல், அதன் தொழில்நுட்ப விதிகளும் குறிப்புகளும் எண்ணிட்ட ஆங்கில ஆவணங்களாக வெளிவருகின்றன. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த 2119ஆம் ஆவணத்தின் வேலையே 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' போன்ற சில சொற்களுக்குப் பொருள் வரையறுப்பதுதான். 'மஸ்ட்' என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். 'ஷுட்' என்றால் தக்க காரணம் இல்லாமல் மீறக்கூடாது. 'மே' என்றால் செய்யலாம், விடலாம். உலகத்தின் பொறியாளர்களே இச்சொற்களுக்கு இவ்வளவு மெனக்கெடும்போது, நம் மாணவனும் அவற்றுக்கு ஒரு வாரம் ஒதுக்கலாம் அல்லவா?

கணினி நிரல் எழுதும்போது 'இஃப்', 'எல்ஸ்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். மழை பெய்தால் பால்மரம் வெட்டு இல்லை. இல்லாவிட்டால் வெட்டு உண்டு. இந்த நிபந்தனையை அறியாத தோட்டத்துப் பிள்ளை யார்? 'இஃப் இட் ரெயின்ஸ், ஸ்டாப், எல்ஸ், டேப்.' இவ்வளவுதான் அதன் இலக்கணம்.

ஐந்தாம் படி, தானே எழுதுவது. ஒரு கருவி பழுதானால் அதைப் பற்றி மூன்று வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும். நான் என்ன செய்தேன்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? என்ன நடந்தது? உலகெங்கும் மென்பொருள் வேலை செய்பவர்கள் கோளாறுகளைத் தெரிவிப்பது இப்படித்தான். மருத்துவரிடம் குழந்தையைக் கொண்டு போகும் தாய், "நேற்று மருந்து கொடுத்தேன், காய்ச்சல் இறங்கும் என்று பார்த்தேன், இறங்கவில்லை" என்று சொல்வதும் இதே முறைதான். நாளைக்கு நேர்முகத் தேர்விலும் வேலையிடத்திலும் நம் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைப்பவை இந்த மூன்று வாக்கியங்களே.

"இப்போது கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, எதற்கு இந்தச் சிரமம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது தரும் மொழிபெயர்ப்பு சரியா, தவறா என்று பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் தானே படித்துப் பொருள் எழுதிவிட்டு, பிறகு கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே, "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்று ஒதுங்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே இங்கு உதவி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல், கேட்போம்" என்று கேளுங்கள். புரிந்திருந்தால் உங்களுக்கு விளங்கும்படி சொல்வான். தடுமாறினால் இன்னும் புரியவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளையும் அப்படியே கேளுங்கள். இந்தப் படிப்பு அவர்களுக்கும் உரியது. கணினியைப் பற்றிப் பேசத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. இன்று உலகத் தமிழர் வழங்கும் 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவரே நம் பக்கத்து வீடான சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி அவர்கள்தாம்.

இறுதியாக ஒன்று. புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் முன்பு பேராங் புசார் தோட்டம் இருந்தது. நம்மவர்கள் அங்கே மரம் வெட்டி, பிள்ளை வளர்த்து, கோயில் கும்பிட்டு வாழ்ந்தார்கள். அதை அடுத்து, 1997ஆம் ஆண்டில் கணினித் தொழிலுக்கென்றே சைபர்ஜெயா நகரம் தொடங்கி வைக்கப்பட்டது. தோட்டம் இருந்த வட்டாரத்திற்குக் கணினி வந்துவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குள் தோட்டத்துப் பிள்ளை எந்த வேலைக்காக நுழையப் போகிறான் என்பதே கேள்வி. தரையைக் கூட்டுவதும் காவல் காப்பதும் கௌரவமான உழைப்புதான். ஆனால் அவனுக்குத் திறக்கும் கதவு அது ஒன்று மட்டுமாக இருந்துவிடக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மூன்று கோடு போட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எழுதச் சொல்லுங்கள். இன்றைக்குத் திரையில் அவன் கண்ட முதல் வரி அதில் ஏறட்டும்.