பிறர் கதையில் தம் வாழ்வு: ஊவாத் தோட்டங்களின் கூத்துக் கொப்பிகள் பற்றிச் சில குறிப்புகள்

யாவரும் அறிந்த கதையொன்றை எடுத்துக்கொண்டு, அதன் பாத்திரங்களைத் தமக்கு வேண்டிய வழியில் நடத்திச் செல்லும் எழுத்து இன்று ‘ரசிகர் புனைவு’ என்னும் பெயரால் வழங்குகின்றது. அதன் வரலாற்றைக் கூறுவோர், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் ரசிகர்கள் 1967இல் தாமே தயாரித்து வெளியிட்ட ‘ஸ்பொக்கனாலியா’ என்னும் சஞ்சிகையைப் பெரிதும் குறிப்பிடுவர். தமிழிலே, ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் நிறைவுற்றபோது பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்ற வாசகரின் வினாக்களுக்குக் கல்கி முடிவுரையொன்றில் விடையளிக்க நேர்ந்ததையும், விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அக்கதையைத் தொடர்ந்தமையையும் காட்டலாம். இவை யாவும் அச்சும் சந்தையும் கைக்கெட்டிய வாசகரிடையே நிகழ்ந்தவை. பகல் முழுவதையும் கூலிக்கு விற்றுவிட்டு, காகிதத்தையும் விளக்கெண்ணெயையும் எண்ணிச் செலவிடும் ஒருவர் இதே காரியத்தை எவ்வாறு செய்தார், ஏன் செய்தார் என்பதே இங்கு நாம் ஆராய முற்படுவது.

இதற்கான சான்று பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களிலே உண்டு. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றப்பட்டு, பூரணையையொட்டித் தகனம் நிகழும்வரை ஆடப்படும் காமன் கூத்து, மலையக மக்கள் தமிழகத்திலிருந்து தம்முடன் கொண்டுவந்த கலை. அதன் கதை அனைவரும் அறிந்ததே. தவத்திலிருக்கும் சிவனை எழுப்புமாறு தேவர்கள் மன்மதனுக்கு ஓலை அனுப்புகின்றனர். ரதி தடுக்கின்றாள். தடையை மீறிச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிகின்றான். ரதி புலம்பி அவனை மீளப் பெறுகின்றாள். முடிவு தெரிந்த இக்கதையை மக்கள் ஆண்டுதோறும் இரவிரவாக விழித்திருந்து பார்ப்பது என்ன நடக்கும் என்று அறிவதற்கன்று. இவ்வாண்டு ரதி என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்கே. தஞ்சைப் பகுதி லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் நின்று விடிய விடிய வாதிடுவதை இதனுடன் இணைத்து நோக்கலாம். மூலக்கதையின் தீர்ப்பை ஏற்க மறுக்கும் உரிமை அங்கே ஒரு கலைவடிவமாகவே நிலைபெற்றிருந்தது.

ஸ்பிரிங்வெளியில் நாம் பார்க்கக் கிடைத்த கொப்பியொன்று பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் ஒற்றைறூல் கொப்பி. எழுதியவர் கவ்வாத்து வெட்டிய தொழிலாளி. இப்போது உயிருடன் இல்லை. தோட்டப் பாடசாலைகள் 1977இன் பின்னர் அரசினாற் பொறுப்பேற்கப்படுவதற்கு முன், அவற்றிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு அப்பாற் செல்லவில்லை. அவருடைய எழுத்தறிவும் அங்கேயே நின்றது. கொப்பியின் முதற்பாதி பழைய கொப்பியொன்றைப் பார்த்து நீலமையில் எழுதிய பிரதி. அதற்கிடையே பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய வரிகள் காணப்படுகின்றன. பாடல்களின் தலைப்பிலே ராகமும் தாளமும் இல்லை. இன்ன சினிமாப் பாட்டின் மெட்டு என்ற குறிப்பே உள்ளது. இலங்கை வானொலியும், படக்கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களுமே அவருக்கு இசையாசிரியர்கள்.

எழுத்து மேசையில் நிகழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. வரிகள் மலையில், கத்தி பிடித்த கை ஓயாதிருக்கும்போது, வாயிலே உருவாயின. பக்கத்து நிரையில் நிற்பவர் சிரித்தால் அது நின்றது, சிரிக்காவிட்டால் மறைந்தது. பிரட்டுக்களத்திலிருந்து லயம் திரும்பிய பின், குப்பிலாம்பு வெளிச்சத்தில் கொப்பியில் ஏறியது எஞ்சியதே. ஆகவே நாம் காணும் கையெழுத்துப் படி ஆக்கத்தின் தொடக்கமன்று. பலரின் செவியாற் சலிக்கப்பட்ட ஒன்றின் பதிவு. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்விலே, வாய்மொழிப் பாணர் ஆயத்தமான தொடர்களைக் கொண்டு பாடியமையை விளக்கினார். கூத்துக் கொப்பிக்காரருக்கு ஆயத்தமாகக் கிடைத்தவை கதையும் மெட்டும். சந்தத்தைத் தேடவும் கதைப்பின்னலை அமைக்கவும் அவருக்கு நேரமில்லை. அவ்விரண்டும் பொதுச்சொத்தாக இருந்தமையாலேயே, கிடைத்த சிறுபொழுதைத் தம் வாழ்வைப் பற்றிய நாலு வரிக்கு அவராற் செலவிட முடிந்தது. இரவல் வாங்குதல் கற்பனை வறுமையின் அடையாளம் என்போர் இந்தப் பொருளாதாரத்தைக் கவனிப்பதில்லை.

இரவல் வடிவம் தன்னளவில் எந்த வர்க்கத்துக்கும் சொந்தமன்று என்பதும் வரலாற்றிலே தெளிவாகும். 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’, மக்கள் அறிந்த கும்மி வடிவத்தைக் கோப்பிப் பயிர்ச்செய்கையின் விளக்கத்துக்குப் பயன்படுத்திற்று. அதன் நோக்குநிலை தோட்ட நிர்வாகத்தினது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைத் தொழிற்சங்கமாகத் திரட்டிய காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை மக்கள் அறிந்த மெட்டுகளில் இயற்றிய பாடல்களைக் கூட்டங்களிற் பாடினார். மேடைப் பேச்சைக் கேட்டவர் அதை மறக்கலாம். தெரிந்த மெட்டில் வந்த செய்தியை லயம்வரை முணுமுணுத்துச் செல்வர். அக்காலத்துத் துண்டுப் பிரசுரப் பாடகர்கள் பலர் இவ்வழியையே பின்பற்றினர்.

ஸ்பிரிங்வெளிக் கொப்பிக்கு மீள்வோம். தேவர்களின் தூதன் ஓலையுடன் வரும் கட்டம் மரபிலே சிறியது. இங்கோ அது நான்கு பக்கங்கள் நீள்கின்றது. ஓலையைப் பெற்ற மன்மதன், மேலிடத்து ஆணையை மறுத்தாற் பற்றுச்சீட்டு வருமோ என அஞ்சுகின்றான். வேலைநீக்கத்தைக் குறித்த இத்தோட்டச் சொல் இந்திரலோகத்தினுள் நுழையும்போது, கூத்தைப் பார்ப்போர் சிரித்தார்கள் என்பதைக் கொப்பியின் ஓரத்தில் இடப்பட்ட ஒரு சிறு குறியே உணர்த்துகின்றது. ‘இவ்விடம் நிறுத்து’ என்பது அதன் பொருள் என எமக்கு விளக்கப்பட்டது. தனக்கு எவ்விதப் பயனுமில்லாத வேலையைப் பிறர் ஏவலாற் செய்து அழிந்தவன் என்ற நிலையில் மன்மதனை ஒரு தொழிலாளி இனங்காண்பதில் வியப்பில்லை.

பென்சில் வரிகள் மிகுதியாக உள்ள இடம் ரதியின் புலம்பல். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜைகளாக்கப்படவும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974வரை பிற்போடப்பட்டது. ஒரே லயத்திலிருந்த குடும்பங்கள் இரு நாட்டுக்குப் பிரிந்தன. தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என அழைத்தனர். கொப்பியில் ரதி, எரிந்த கணவனின் சாம்பலை விட்டுவிட்டு, கடல் கடந்துபோன அண்ணனைக் குறித்துப் பாடத் தொடங்குகின்றாள். புராணத்தில் ரதிக்கு அண்ணன் இல்லையே என ஒரு புலவர் கேட்கலாம். அன்றிரவு கூத்தைப் பார்த்த எவரும் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார் என்றே எண்ணுகின்றோம். மேலும், மன்மதன் மீள்வதுண்டு. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். சென்ற அண்ணனுக்கு அவ்வரமும் இல்லை என்று அப்பாடல் முடிகின்றது. கதை எங்கே போதாமற் போகிறதோ அங்கேதான் இவர் எழுதுகோலை எடுத்துள்ளார்.

எழுதுவதற்கான உந்துதல் யாது? நேர்த்திக்கடனுக்காக வேடமேற்கும் மரபு உண்டு. கொப்பிக்காரருக்கும் அது ஓரளவு பொருந்தும். ஆனால் கூலியோ அச்சோ பெயரோ தராத இவ்வெழுத்தைத் தாங்கியது, அடுத்த மாசியிலும் அதே மக்கள் அங்கே இருந்து கேட்பர் என்ற உறுதியே. எழுத்தாளன் தன் வாசகரைச் சந்தையில் தேடும் நிலை அவருக்கு ஏற்படவில்லை.

இதனைக் கூட்டு ஆக்கத்தின் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. தாலாட்டையும் ஒப்பாரியையும் நாள்தோறும் கட்டியவர்கள் பெண்கள். கூத்திலோ ரதியாக ஆடியவர் ஆண். கொப்பியை வைத்திருந்தவரும் ஆண். அண்ணனைக் குறித்த அப்பகுதி இழவு வீடுகளில் பெண்கள் பாடிய ஒப்பாரியின் நடையை அப்படியே கொண்டுள்ளது. பிறருடையதை எடுத்து எழுதும் உரிமை எல்லோர்க்கும் சமமாக இருந்ததில்லை. காலையிற் பிரட்டுக்கு எழுப்பிய தப்பே இரவிற் கூத்துக்கும் ஒலித்தது. அதை அடித்தவர் எந்தச் சாதியினர் என்பதும், அவருக்குக் களரியில் எந்த இடம் தரப்பட்டது என்பதும் தனியே ஆராயப்படவேண்டியவை.

எமது துறைசார்ந்தோர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1960களிற் பேராதனையில் வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’, இராமாயணக் கதையை இராவணனின் துன்பியலாக மாற்றியது. அதனை மீளாக்கம் எனப் போற்றினோம், நியாயமாகவே போற்றினோம். லயத்துக் காம்பிராவில் அதே வேலையைச் செய்தவரின் எழுத்தோ ‘சினிமா மெட்டுப் பாட்டு’ என ஒதுக்கப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை, சாரல் நாடன் ஆகியோர் முயன்று தொகுத்தவற்றிலும் நாட்டார் பாடல்களே பெரும்பகுதி. ஒருவர் அமர்ந்து எழுதிய கொப்பிகள் நாட்டாரியலுக்கும் இலக்கியத்துக்கும் இடையே விழுந்து, பல வீடுகளில் மழைக்கும் கறையானுக்கும் இரையாயின.

நாம் பார்த்த கொப்பியை இன்று வைத்திருப்பவர் அவருடைய பேரன். பதுளை நகரிற் கடையொன்றில் வேலை செய்கின்றார். ஒளிப்படம் எடுக்க அனுமதித்தார். இரவல் தர உடன்படவில்லை. இறுதியில் எழுதப்படாத பக்கங்கள் ஆறு இருந்தன. மூன்றில் அவருடைய கையெழுத்தில் புதிய வரிகள் சில, இம்முறை குமிழ்முனைப் பேனாவில், எழுதப்பட்டிருந்தன. அவற்றை இன்னும் எவருக்கும் பாடிக் காட்டவில்லை என்று கூறி, அப்பக்கங்களைப் படமெடுக்க வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்.