இணையவழிக் கருவியும் கற்பித்தலின் குறிக்கோளும்

தச்சன் ஒருவன் வேலைக்கு வரும்பொழுது உளியும் வாளும் இழைப்புளியும் சுத்தியலும் அடங்கிய பெட்டியொன்றைச் சுமந்து வருகின்றான். ஆயினும், பெட்டியைத் திறந்து கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, 'இதனால் யாது செய்யலாம்?' என்று அவன் எண்ணமிடுவதில்லை. செய்ய வேண்டுவது கதவோ கட்டிலோ எனத் துணிந்த பின்னரே கருவியிற் கை வைக்கின்றான். இவ்வெளிய உண்மை, கற்பிக்குந் தொழிலில் நெடுநாட் பழகிய நமக்கு ஒருகால் மறந்துபோயிற்று. அஃது எவ்வாறு மறந்தது என்பதையும், அதனை மீளவும் எவ்வாறு கற்றுக்கொண்டோம் என்பதையும் நம் கலாசாலை மாணாக்கர்க்கும், ஆசிரிய நண்பர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்குங் கல்வி நிலையங்கள் மூடப்பட்டமை யாவரும் அறிந்ததே. சின்னாட்களுக்குள் ஜூம் முதலிய காணொலிக் கருவிகளை நாம் கைக்கொண்டோம். பௌதிக வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசிப் பழகியிருந்தோம். ஆதலின், திரைமுன்னும் ஒரு மணி நேரம் பேசினோம். எதிரே முகங்கள் இல்லை. கறுத்த கட்டங்களிற் பெயர்கள் மாத்திரமே நின்றன. 'விளங்கிற்றா?' என்று வினவினால் ஒரு குரலும் எழாது. அவ்வமைதியை உடன்பாடெனக் கொண்டு மேலே சென்றோம்.

அவ்வகுப்பில் சிற்றூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டிற்குக் கைப்பேசி ஒன்றே. அதனை அவளும் தம்பியர் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கருவி தானே எழுதித் தந்த வருகைப் பட்டியலில் அவள் பெயர் பெரும்பாலுங் காணப்படவில்லை. நாமும் அவளை வாராதோர் வரிசையிற் சேர்த்தோம். பருவ இறுதியில் அவள் அனுப்பிய விடைகளைக் கண்டபொழுது நமக்கு நாணம் உண்டாயிற்று. தோழி படம்பிடித்து அனுப்பிய குறிப்புக்களை, இரவில் வீட்டார் உறங்கியபின் கைப்பேசி ஓய்ந்திருக்கும் வேளையிற் பார்த்து, கணக்குக்கள் ஒவ்வொன்றையும் தானே செய்து தேர்ந்திருந்தாள். நாடோறுந் தவறாது 'வந்திருந்த' பலர் அத்துணை செய்திலர். நாம் வளர்க்க விரும்பியது அறிவு. நாம் தேர்ந்த கருவி அளந்ததோ இருப்பு. அவள்மீதும் கருவிமீதும் குற்றம் இல்லை, குற்றம் நம்முடையதே.

அன்று தொட்டு, ஒரு கருவியைத் தேருமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டோம். பாடம் முடிந்தபின் மாணாக்கர் எதனைச் செய்ய வல்லவராதல் வேண்டும்? அவ்வன்மையைப் பெறுதற்கு எவ்வுழைப்பை அவர் தாமே உழைத்தல் வேண்டும்? நாம் எண்ணிய கருவி வகுப்பிலுள்ள எல்லார்க்கும் எட்டுமா? இம்மூன்றனையும் முறையே விளக்குவாம்.

முதலாவது, குறிக்கோள். 'மாணாக்கர் ஓமின் விதியை அறிவர்' என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டால் குறிக்கோள் அமைந்துவிட்டதாக நினைக்கின்றோம். அறிதல் என்பதோ பல படித்தானது. அமெரிக்கக் கல்வியாளராகிய பெஞ்சமின் புளூம் என்பாரும் அவர்தங் கூட்டாளிகளும் 1956-ஆம் ஆண்டில் கல்விக் குறிக்கோள்களை ஆறு வகையாகப் பகுத்து ஒரு நூல் வெளியிட்டனர். 2001-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், கிராத்வோல் முதலியோர் அதனைத் திருத்தியமைத்தனர். நினைவுகூர்தல், விளங்கிக்கொள்ளுதல், பயன்படுத்தல், பகுத்தாராய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்பன அத்திருத்தத்திற் கண்ட ஆறுமாம். ஓமின் விதியைப் பிழையின்றிச் சொல்லுதல் நினைவு. மின்னழுத்தமும் தடையும் தெரிந்தவிடத்து மின்னோட்டத்தைக் கணித்தல் பயன்படுத்தல். ஒரு விளக்கொடு மற்றொரு விளக்கைத் தொடராக இணைத்தால் ஒளி மங்குவானேன் என்று தன் சொற்களில் உரைத்தல் விளக்கம். வேண்டிய ஒளி தருஞ் சுற்றொன்றைத் தானே அமைத்தல் படைப்பு. விதி ஒன்றேயாயினும் இவை நான்கும் வேறு வேறு வன்மைகள். ஆதலின், ஒரே கருவி இந்நான்கிற்கும் பொருந்துதல் அரிது.

இரண்டாவது, உழைப்பு. நம் அநுபவத்தில் இவ்வினாவே மூன்றனுள்ளுந் தலையாயது. எக்கருவியும் ஏதேனும் ஓர் உழைப்பை மனிதனிடமிருந்து வாங்கிக்கொள்ளவே உண்டாயிற்று. அது வாங்கிக்கொள்ளும் உழைப்பு, மாணாக்கனை வளர்க்கும் உழைப்பா, வீண் உழைப்பா என்று ஆராய்தல் ஆசிரியர் கடன். சில எடுத்துக்காட்டுக்களால் இதனைத் தெளிவாக்குவாம்.

நினைவே குறிக்கோளாயின், மறந்தவற்றை மனத்திலிருந்து மீட்டெடுக்கும் முயற்சியே வளர்க்கும் உழைப்பாகும். கற்றது நாட் செல்லச் செல்ல எவ்வாறு மறந்துபோகின்றது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைப் பொருளாகக் கொண்டு ஆராய்ந்து 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிகே என்னும் இருவர் அமெரிக்க மாணாக்கரைக் கொண்டு நடத்திய சோதனையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு பகுதியை மீண்டும் படித்தோர், ஐந்து நிமிடங் கழித்து வினவியபொழுது நன்கு விடை கூறினர். படித்ததை நூலின் உதவியின்றி நினைந்து எழுதியோரோ, ஒரு வாரங் கழித்து வினவியபொழுது அவரை விஞ்சினர். ஆதலின், காணொலியைப் பன்முறை ஓடவிடுவதினும், வினாவை ஒரு புறமும் விடையை மறுபுறமும் காட்டும் ஆங்கி போன்ற அட்டைக் கருவியே கலைச்சொற்களையும் ஆண்டுகளையும் நினைவிற் கொள்ளத் துணை செய்யும். அக்கருவி, நாம் தடுமாறும் அட்டையை விரைவிலும், எளிதில் விடையளிக்கும் அட்டையை நாட்கழித்தும் மீண்டுங் காட்டுகின்றது. 'இன்று எதனைப் படிப்பது?' என்று கணக்கிடும் வேலையை அது மேற்கொள்ளுகின்றது. நினைவுகூரும் வேலையை மாணாக்கனிடமே விட்டுவிடுகின்றது.

இயற்கை நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ளுதல் குறிக்கோளாயின், மாற்றிப் பார்த்தலே உழைப்பு. 2001-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவருள் ஒருவராகிய கார்ல் வீமன், 2002-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' என்னும் திட்டம், மின்சுற்று, ஊசல், அலை முதலியவற்றைத் திரையில் அமைத்து மாற்றிப் பார்க்கும் பாவனைச் சோதனைகளை விலையின்றி வழங்குகின்றது. கம்பியுள் மின்னணுக்கள் நகர்வதனைக் கண்ணாற் கண்டார் எவருமிலர். அதனைத் திரை படமாக்கிக் காட்டுகின்றது. ஆயினும், கம்பியின் முனையைச் சுரண்டித் திருகி இறுக்குங் கைத்திறனைத் திரை தரமாட்டாது. குறிக்கோள் அக்கைத்திறனாயின், ஆய்வுச்சாலையின் கதவையே திறத்தல் வேண்டும்.

ஒரே கருவி ஒரு குறிக்கோளுக்கு நண்பனாகவும் மற்றொன்றற்குப் பகைவனாகவும் ஆகும் என்பதற்கு ஜியோஜீப்ரா சிறந்த சான்று. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பார் ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க்கில் 2001-ஆம் ஆண்டில் இதனை ஆக்கத் தொடங்கினார். சமன்பாட்டை எழுதிய அக்கணமே இது வளைகோட்டை வரைந்து தருகின்றது. வளைகோடு வரையக் கற்பிப்பதே நம் நோக்கமாயின், இக்கருவி மாணாக்கன் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் தானே செய்துவிடும். அவனுக்குக் கட்டத்தாளும் பென்சிலுமே ஏற்றவை. எண்ணை மாற்ற மாற்ற வளைகோடு விரிவதும் குறுகுவதும் கவிழ்வதும் ஏன் என்று காண்பதே நோக்கமாயின், கையால் இருபது முறை வரைதல் வீண் உழைப்பு; ஆண்டு ஜியோஜீப்ராவினுஞ் சிறந்த துணை நாம் அறிந்தவரை இல்லை.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வெளிவந்த சாட்ஜிபிடி என்னுஞ் செயற்கை அறிவுக் கருவியையும் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் தகும். ஒரு பொருளைப் பற்றிச் சிந்தித்து, ஒழுங்குபடுத்தி, எழுதப் பழகுவதே கட்டுரைப் பயிற்சியின் நோக்கம். அதனைக் கருவியிடம் ஒப்படைத்த மாணாக்கன், உடற்பயிற்சிக்கு வேலையாளை அனுப்பியவனை ஒக்கும். அதே மாணாக்கன் தான் எழுதி முடித்த கட்டுரையைக் காட்டி, 'இதற்கு மாறுபட்டோர் யாது கூறுவர்?' என்று கேட்டு, வரும் விடையைச் சரிபார்த்துத் தன் கட்டுரையைத் தானே திருத்துவானாயின், உழைப்பு அவனிடமே நிற்கின்றது.

உரையாடலிலும் இவ்வேறுபாடு உண்டு. வாய்ப்பேச்சுப் பயிற்சிக்கும், ஐயங்களை உடனுக்குடன் தீர்த்தற்கும் காணொலிக் கூட்டம் ஏற்றது. அதுவும் சிறு குழுக்களாகப் பிரிந்தவிடத்தே பயன்படும். சிந்தித்து வாதிடுதல் குறிக்கோளாயின், எழுதி உரையாடுங் களமே நன்று. ஆஸ்திரேலியராகிய மார்ட்டின் டூகியாமஸ் ஆக்கி 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட மூடில் என்னும் விலையற்ற மென்பொருளில் இத்தகைய களம் உண்டு. வகுப்பில் வாய் திறவாத மாணாக்கர் சிலர், ஈரிரவு சிந்தித்து அங்கு எழுதிய பத்திகளைக் கண்டு நாம் வியந்ததுண்டு. இனி, விரிவுரை கேட்பதே வேண்டுவதாயின், ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து வழங்கும் என்.பி.டெ.ல் விரிவுரைகளும், 2017-ஆம் ஆண்டில் அரசினர் தொடங்கிய ஸ்வயம் தளமும் இருக்கின்றன. மாணாக்கரோடு கூடியிருக்கும் அரிய மணி நேரத்தை அவர்தம் வினாக்களுக்கு ஒதுக்குதல் அதனாற் கூடும்.

மூன்றாவது, எட்டுதல். குறிக்கோளுக்கு எத்துணைப் பொருந்திய கருவியாயினும், மாணாக்கன் கைக்கு எட்டாததாயின் அஃது இல்லாததற்கு ஒப்பே. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் எளிது. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங் காணொலிக்கு ஏறத்தாழ 450 மெகாபைட் செலவாகும். அதே பாடத்தின் சாரத்தைப் பத்து நிமிட ஒலிப்பதிவாக நொடிக்கு 32 கிலோபிட் அளவிற் பதிந்தால் 2.4 மெகாபைட்டே போதும். முன்னதை அந்நேரத்திலேயே கேட்டாக வேண்டும். பின்னதை ஒருமுறை இறக்கிக்கொண்டு, கைப்பேசி கிடைக்கும் வேளையிற் கேட்கலாம். பார்வை இழந்த மாணாக்கர் பொருட்டும் நாம் கவலை கொள்ளுதல் வேண்டும். நூற்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால், எழுத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதனை வெறும் படமென்றே கொண்டு ஊமையாய் நிற்கும். எழுத்தாகவே தட்டச்சிட்டு அனுப்பினால், அவரும் பிறரைப் போலவே கற்பர்.

'கருவியைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு? கற்பிக்கும் முறை நன்றாயின் எக்கருவியுஞ் சாலுமே' என்று சிலர் தடை நிகழ்த்துவர். 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கிளார்க் என்னும் அறிஞர் இக்கருத்தையே வற்புறுத்தினார். கல்விச் சாதனங்கள் பண்டம் ஏற்றிவரும் வண்டியை ஒப்பன என்றும், உண்பாரை வளர்ப்பது பண்டமேயன்றி வண்டியன்று என்றும் அவர் கொண்டனர். ராபர்ட் கோஸ்மா என்பார் இதனை மறுத்து, சாதனத்தின் தனித்தன்மைகளும் கற்றலை மாற்றவல்லன என்றார். நாம் இருவர் கூற்றினும் உண்மை காண்கின்றோம். வண்டி பண்டம் ஆகாது; ஆயினும், எம் மாணவியின் சிற்றூர்ச் சந்திற்குட் புகமாட்டாத வண்டியில் ஏற்றிய பண்டம் அவள் வீடு சேராது.

ஆதலின், ஆசிரிய நண்பர்களுக்கு நாம் விண்ணப்பித்துக்கொள்ளுவது இதுவே. புதிய கருவியொன்று வரும்பொழுது அதன் புதுமையைக் கண்டு மயங்குதலும் வேண்டா, வெறுத்தலும் வேண்டா. முதலிற் குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அதன் கீழ், மாணாக்கன் தானே செய்ய வேண்டிய வேலையை எழுதுக. பின்னர் ஒரு பாடத்தில், ஒரு வகுப்பில், ஒரு வாரம் அக்கருவியைக் கையாண்டு, பயன்படுத்த இயலாதவர் யாவரென்று கேட்டறிக. பல கருவிகளைத் தொட்டு விடுவதினும் இரண்டு மூன்றைச் செவ்வனே ஆளுதல் நன்று. மாணாக்க நண்பர்காள், நுங்களிடத்தும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு கருவி நும் வேலையை எளிதாக்கும்பொழுது, அது வாங்கிக்கொண்டது எவ்வேலை என்று ஒருமுறை நோக்குமின்.

வாராதோர் வரிசையில் நாம் எழுதிவைத்த அம்மாணவி இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. தன் வகுப்பிற்கு ஏதேனும் அனுப்புமுன், வீட்டில் கைப்பேசி இல்லாதார் எத்தனை பேர் என்று முதற்கண் எண்ணிக்கொள்ளுவதாகச் சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தபொழுது கூறினாள். நாம் அவளுக்குக் கற்பியாத பாடம் அது. அவளிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடமும் அதுவே.