கோல்கீப்பருக்கு என்ன சம்பளம்?

கால்பந்து வீரரின் சம்பளத்தை அணிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆகவே வாங்கிய விலையைப் பார்ப்போம். 2017-ல் கோல் அடிக்கும் நெய்மாருக்குப் பாரிஸ் அணி கொடுத்தது 22.2 கோடி யூரோ. மறு ஆண்டு கோல் காக்கும் கெப்பாவுக்குச் செல்சி அணி கொடுத்தது 8 கோடி. கோல்கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது!

கோல் அடிப்போர் அரியவரே. ஆனால் நான்கு முறை தவறவிட்டு, ஐந்தாம் முறை அடித்தாலும் அவர் வீரர். கோல்கீப்பருக்கு அச்சலுகை ஏது? 2015 ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் 2–1 என முன்னணியில் நின்ற கோவாவின் கோல்கீப்பர் கையில் பட்டுப் பந்து வலைக்குள் போனது, 90-ஆம் நிமிடத்தில். உடனே மெண்டோசா இன்னொன்று அடிக்க, கோப்பை சென்னைக்கு வந்தது.

எங்கள் ராசிங்காபுரத்துக்கு மேலே, மலையில் ஏலக்காய் உலர்த்துமிடத்தில் இரவெல்லாம் நெருப்பைக் கவனிப்பவரும் கோல்கீப்பர்தான். கண்ணயர்ந்தால் காயின் பச்சை போகும், விலையும் போகும். அணியின் சம்பளக் கணக்கை என்னிடம் கொடுத்தால், முதல் கவரைக் கோல்கீப்பரிடமே நீட்டுவேன்.