நூறு டாலரில் வீட்டுக்கு முப்பத்துமூன்று

2023-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம் சராசரியாக 77,280 டாலர் செலவழித்தது. அதை நூறு டாலராகச் சுருக்கிப் பார்த்தால் வீட்டுக்கு 33, வண்டி வாகனத்துக்கு 17, சாப்பாட்டுக்கு 13. இந்த மூன்றிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை வெளியிடுவது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம். தகவல் இரண்டு வழிகளில் திரட்டப்படுகிறது. வாடகை, கார், காப்பீடு போன்ற பெரிய செலவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேர்காணலில் கேட்கிறார்கள். காபி, ரொட்டி, சோப்பு போன்ற சில்லறைச் செலவுகள் மூன்று மாதம் யாருக்கு நினைவிருக்கும்? அதற்காக வேறு சில குடும்பங்களிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, இரண்டு வாரங்களுக்கு வாங்கியதையெல்லாம் அன்றன்றே எழுதச் சொல்கிறார்கள். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் ஆன செலவை மக்கள் குறைத்தே சொல்கிறார்கள் என்பது கணக்கெடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே வாடகை வீட்டில் தங்கி, தனித்தனியாகச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மூன்று மாணவர்கள் இந்தக் கணக்கில் மூன்று குடும்பங்கள்.

வீட்டுச் செலவு என்பது வாடகை மட்டுமல்ல. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி, சோபா, துடைப்பம்வரை எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்கக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு சொந்த வீட்டில் இருப்பவை. ஆனால் சொந்த வீடு என்பதால் செலவு ஓய்ந்துவிடுவதில்லை. வீட்டுக் கடனுக்கு வட்டி, வீட்டுக் காப்பீடு, ஆண்டுதோறும் சொத்து வரி என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். உள்ளூர்ப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பகுதி அந்தச் சொத்து வரியிலிருந்து வருகிறது. அதனால் நல்ல பள்ளி உள்ள ஊரில் வீட்டு விலையும் கூடுதலாக இருப்பது வழக்கம். கடனின் அசலை அடைப்பது மட்டும் செலவாக எழுதப்படுவதில்லை. அது சேர்த்துவைக்கும் சொத்தாகக் கருதப்படுகிறது.

அடுத்தது கார். நியூயார்க் போன்ற சில நகரங்களை விட்டால், கார் இல்லாமல் வேலைக்குப் போவதோ கடைக்குப் போவதோ கடினம். வீடுகள் ஒரு பக்கமும் கடைகள் வேறொரு பக்கமுமாக விரிந்து கிடக்கும் புறநகர் அமைப்பே இதற்குக் காரணம். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக இரண்டு வண்டிகள். பெட்ரோல் நிலைய வாசலில் விலையைப் பெரிய எழுத்தில் போட்டு, கடைசியில் பொடியாகப் பத்தில் ஒன்பது சென்ட் என்று சேர்த்திருப்பார்கள். அங்கே தொங்கும் அந்த விலையைத்தான் நாட்டுப் பொருளாதாரத்தின் நாடியாக மக்கள் பார்க்கிறார்கள். உண்மையில் வண்டி வாங்குவதற்கு ஆகும் செலவு பெட்ரோல் செலவைவிட அதிகம். பழுதுபார்ப்பும் வண்டிக் காப்பீடும் தனி.

சாப்பாட்டுக் கணக்கில்தான் காலமாற்றம் பளிச்சென்று தெரிகிறது. 1901-இல் அமெரிக்கக் குடும்பம் நூறில் 42 டாலருக்கு மேல் உணவுக்கே கொடுத்தது. 1950-இல் அது 30 ஆனது, இப்போது 13. வருமானம் உயர உயர உணவின் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே சொல்லிவிட்டார். 2023-இல் உணவுக்கு ஆன 9,985 டாலரில் 3,933 டாலர் வெளியில் சாப்பிட்டதற்கு. வீட்டு அடுப்புக்குப் போன தொகை 6,053 டாலர்தான்.

துணி இதைவிட வேகமாக இறங்கியது. 1901-இல் நூறுக்கு 14 டாலராக இருந்த துணிச் செலவு இன்று 3 டாலருக்கும் கீழே. அமெரிக்கர்கள் உடுத்துவதைக் குறைத்துவிடவில்லை. தைக்கும் வேலை கடல் கடந்துவிட்டது. வங்கதேசம், வியட்நாம், நம் திருப்பூர் ஆகிய இடங்களில் தைத்த பனியன்கள் அந்நாட்டுக் கடை அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஓய்வூதியத்துக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் நூறில் 12 டாலர் போகிறது. இதில் பெரும்பகுதி கைக்கு வருவதே இல்லை. சமூகப் பாதுகாப்பு வரியாகச் சம்பளத்திலேயே 6.2 சதவீதம் பிடிக்கப்படுகிறது. மருத்துவத்துக்கு 8 டாலர். மருத்துவச் செலவுக்குப் பேர்போன நாட்டில் இது குறைவாகத் தோன்றும். காப்பீட்டுத் தவணையில் முதலாளி கட்டும் பங்கும் முதியோருக்காக அரசு தரும் பணமும் குடும்பக் கணக்கில் ஏறாததே காரணம். குடும்பம் கொடுக்கும் 8 டாலரிலும் பெரும்பங்கு மருத்துவருக்கோ மருந்துக்கோ அல்ல, காப்பீட்டுத் தவணைக்கே. கேளிக்கை, கல்வி, நன்கொடை ஆகியவை எஞ்சியதைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவை எல்லாமே சராசரிகள். வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருக்கும் குடும்பங்களுக்கு வரவைவிடச் செலவே அதிகம். சேமிப்பைக் கரைத்து வாழும் முதியோரும், கடனில் படிக்கும் மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வீட்டுச் செலவின் பங்கும் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்.

வறுமைக் கோட்டின் கதையும் இந்தக் கணக்கோடு பின்னியது. 1960-களில் மாலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் அந்தக் கோட்டை வரைந்தபோது, குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டதாக 1955-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. எனவே சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். உணவின் பங்கு எட்டில் ஒன்றாகச் சுருங்கிய பிறகும், விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதைத் தவிர, அதிகாரபூர்வக் கோடு அன்று போட்ட அதே கணக்கில்தான் நிற்கிறது.