தனியாகக் கோபப்படும் நாயகி

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பெண்கள் படிக்க வேண்டிய நாவல் இது என்றுதான் முதல் ஐம்பது பக்கம் வரை நினைத்தேன். ஷிரன் ஜே ஜாவ் எழுதி 2021-ல் வெளிவந்த 'அயர்ன் விடோ'வின் கதைக்களம் அப்படி. ராட்சதப் போர் இயந்திரத்தை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து இயக்குகிறார்கள். அது ஓட ஓட அவள் உயிர் உறிஞ்சப்படுகிறது. போர் முடிந்தால் அவன் வீரன். அவள் பெரும்பாலும் பிணம். மறுநாள் அந்த இடத்துக்கு வேறொருத்தி வருவாள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்காவின் சாவுக்குக் காரணமான இயந்திர ஓட்டியைப் பழிவாங்க, பதினெட்டு வயது ஸேத்தியன் தானே அந்தப் படையில் போய்ச் சேர்கிறாள். சீனாவை ஆண்ட ஒரே பேரரசியின் பெயர் அவளுக்கு. சிறுவயதில் ஒடித்துக் கட்டப்பட்ட பாதங்கள். எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வலி. அந்த வலியிலிருந்து எழும் கோபம் படிப்பவரையும் சுடுகிறது.

பிறகுதான் ஏமாற்றம். அக்கா பழிக்கு ஒரு காரணமாக மட்டும் நிற்கிறாள், மனுஷியாக மனதில் பதியவில்லை. அம்மாவும் பாட்டியும் அடங்கிப்போனவர்கள். இயந்திரம் ஓட்டும் வேறு பெண்கள் வருகிறார்கள், அவர்களோடும் தோழமை நிலைக்கவில்லை. இரண்டு ஆண்கள் அவளை நேசிப்பதற்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதியாவது ஒரு தோழிக்குக் கிடைத்திருக்கலாம். பெண்களுக்காகக் கொதிக்கும் நாவலில் நாயகியைத் தவிர உருப்படியான பெண் இல்லை என்பதை என்னால் சாதாரணக் குறையாக ஒதுக்க முடியவில்லை.

கோபக்காரப் பெண்ணின் கதை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்தான் நீலியின் ஊர். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைத் தேடிப் பேயாக வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன் அழுகிறாள். அவன் கையில் கத்தி இருப்பதால் பயமாக இருக்கிறது என்கிறாள். எழுபது வேளாளர்களும் அவள் பேச்சை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து, கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு உண்டு. நீலியின் நியாயத்தையும் மறுக்க முடியாது, அவளை நம்பியதைத் தவிர வேறெதுவும் செய்யாத அந்த எழுபது பேரையும் மறக்க முடியாது. பழிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று இந்தக் கதை நம்மை நேராகப் பார்க்க வைக்கிறது. ஸேத்தியனின் கதையோ அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவல் வந்த அதே 2021-ன் டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் பலர், திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. கூட வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆலை சில வாரம் மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒரே அறையில் பாய் விரித்துப் பழகியவர்களின் கோபம் அது. பக்கத்துப் பாயில் படுத்தவளுக்காக எழுந்த கோபம்.

ஏறத்தாழ 400 பக்கமுள்ள அந்த நாவலிலும் இப்படி ஓர் இரவைத் தேடினேன். உயிரைக் குடிக்கும் இயந்திரத்தில் ஏற மாட்டோம் என்று அத்தனை பெண்களும் ஒரே நாளில் தரையில் உட்கார்ந்திருந்தால், அந்தப் படை ஒரு காலையாவது நகர்ந்திருக்குமா? கதை அந்தப் பக்கம் போகவே இல்லை.