மனம் தேறும் வழிகள் – 9: இரண்டு தார் சுற்றினால் போதும்

உளவியல் சிகிச்சையைப் பாடமாக எடுக்கும் மாணவருக்கு முதலில் கிடைப்பது பெயர்களின் வரிசை. ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு, ரோஜர்ஸின் நபர்மைய அணுகுமுறை, பெக்கின் அறிவாற்றல் சிகிச்சை என்று அது நீளும். யார், எப்போது, எந்த முறையைத் தொடங்கினார் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு முறைக்குள் எந்தப் பகுதி மனிதரைத் தேற்றுகிறது, அதை யார் செய்தால் பலிக்கும் என்ற கேள்விகளிலிருந்தே இந்தப் படிப்பு தொடங்கவேண்டும் என்கிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டை எண்ணிக்கொள்வோம். தறியில் கோர்வைப் புடவை. கரைக்குத் தனி நாடா ஓடுவதால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கைகொடுத்தாக வேண்டும். நெசவாளர் மனச்சோர்வில் பாயைவிட்டு எழாமல் கிடந்தால், கைகொடுக்கும் மனைவியின் வேலையும் நின்றுவிடும். நிற்கும் தறியைப் பார்க்கப் பார்க்கக் குற்றவுணர்வு ஏறும். அது அவரை இன்னும் முடக்கும். உளப்பகுப்பாய்வு அவருடைய பால்யத்தைத் தேடிப் போகும். அறிவாற்றல் சிகிச்சை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணத்துக்கு ஆதாரம் கேட்கும். செயல்தூண்டல் சிகிச்சையோ நாளைக் காலை என்ன செய்யலாம் என்று கேட்கும். புடவையை முடிக்க வேண்டாம், இரண்டு தார் சுற்றினால் போதும். நேரம், செய்த வேலை, அப்போதைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறித்துவர வேண்டும். மனம் சரியானால்தான் எழுவேன் என்றிருப்பவருக்கு, எழுந்தபின் மனம் கொஞ்சம் இளகியதை அவர் கையால் எழுதிய தாளே காட்டும்.

இது வெறும் யோசனை இல்லை. 1996-இல் அமெரிக்காவில் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வுள்ள 150 பேரை வைத்து பெக்கின் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். செயல்தூண்டல் மட்டுமே பெற்றவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழு, தீவிர மனச்சோர்வுள்ள 495 பேரிடம் இதைச் சோதித்தது. ஆலோசனை சொன்னவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள்; ஆறிலிருந்து எட்டு அமர்வுகள்தான். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் மீண்டது 39 சதவீதம்.

ஏழைகளுக்கு மலிவுச் சரக்கா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம். ஆனால், அமெரிக்காவின் பல்கலைக்கழகச் சோதனையிலும் முழுச் சிகிச்சைக்கு ஈடுகொடுத்த ஒன்றை மலிவுச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. தீவிர மனநோய்க்குச் சாதாரண மக்கள் தரும் கவனிப்பு எடுபடுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்தே சான்று இருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் மூன்று இடங்களில் நடந்து, 2014-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் இங்கே பணியாற்றியது. ஒரு குழுவுக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும்; இன்னொரு குழுவுக்கு மருந்தோடு சேர்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். ஓராண்டில் இவர்களுக்கு நோய்க்குறிகளும் செயல்முடக்கமும் மற்றக் குழுவைவிட மிதமான அளவில் கூடுதலாகக் குறைந்தன. குறிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்களோ இரு குழுவிலும் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். வசதிகள் எட்டாத தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பெரிய வெற்றி என்று இதைச் சொல்லமாட்டேன். மருத்துவரே எட்டாத ஊரில் இந்த மிதமான பலனுக்கும் மதிப்பு அதிகம்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. நெசவாளரை அழுத்துவது முன்பணக் கடனும் கட்டுப்படியாகாத கூலியும் என்றால், தார் சுற்றச் சொல்வது அவரை மறுபடியும் அதே சுரண்டலுக்குள் தள்ளுவதாகாதா? ஆகும், சிகிச்சை அதோடு நின்றுவிட்டால். மேலே சொன்ன மனச்சிதைவு ஆய்வின் பணியாளர்கள் அதோடு நிற்கவில்லை. குடும்பத்துக்கு நோயை விளக்குவதும், அரசு உதவிக்கும் வேலைக்கும் வழிகாட்டுவதும் சிகிச்சைத் திட்டத்திலேயே இருந்தன. செயல்தூண்டலில் எந்த வேலையைத் தொடங்குவது என்பதும் நோயாளி தேர்ந்தெடுப்பது. அது தறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோயிலுக்கு நடந்து போய்வருவதாகவும் இருக்கலாம்.

உளவியலாளருக்கு இதனால் வேலை போய்விடாது. எண்ணச்சுழல் நோய்க்கும், அதிர்ச்சியின் வடுக்களுக்கும் தேர்ந்த கை வேண்டும். கோவாவில் ஆலோசகர்களின் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, கூட்டாகக் கேட்டு, தரத்தை மதிப்பிட்டார்கள். அப்படிக் கேட்டுத் திருத்தும் பயிற்சிக்கு நம் முதுநிலைப் பாடத்திட்டங்களில் ஒரு பருவம் முழுவதையும் ஒதுக்க வேண்டும்; பெயர் வரிசைக்குப் போகும் நேரத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம்.