அன்னத்தின் வால் ஏன் குட்டையானது?

ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. முன்கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு தறி. அதன் தலைமேல் ஜக்கார்டு பெட்டி, துளை போட்ட அட்டைகள் கோத்த மாலை மாதிரித் தொங்குகின்றன. தறி ஓடும்போது பேசினால் காதில் விழாது. அப்பா மிதியிலிருந்து காலை எடுத்த பிறகுதான், ப்ளஸ் டூ முடித்த மகள் பேச ஆரம்பித்தாள்.

"இந்த அன்னத்தோட வாலைப் பாருங்க சார், வெட்டிவிட்ட மாதிரி நிக்குது. எங்க ஆயா கல்யாணப் புடவையில கொடி மாதிரி சுருண்டு போகும். அட்டை குறையணும்னு டிசைன் போடறவரு வாலைக் குறைச்சிட்டாரு."

ஒரு அட்டைக்கு ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கிழை. உருவம் நீண்டால் அட்டை கூடும், அட்டை கூடினால் செலவு கூடும். அந்தப் பெண் இரண்டு புடவைகளை ஒப்பிட்டாள், மாற்றத்தைக் கண்டாள், காரணமும் சொன்னாள். இதற்குப் பல்கலைக்கழகங்களில் வைத்திருக்கும் பெயர் கலை வரலாறு. அவளுக்கு அது தெரியாது. ப்ளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று ஊர் ஊராக நடக்கும் கூட்டங்களில் யாராவது அதைச் சொல்லி நான் கேட்டதுமில்லை.

பட்டமாகவே படிக்க வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டியிருக்கிறது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-இல் தொடங்கியது. அங்கே கலை வரலாறும் அழகியலும் தனித்துறை, நான்காண்டு இளநிலைப் படிப்பு உண்டு. சாந்திநிகேதனில் தாகூர் 1919-இல் ஆரம்பித்த கலாபவனத்திலும் கலை வரலாற்றுக்குத் தனித்துறை இருக்கிறது. இரண்டு இடத்திலும் போட்டி கடுமை. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் வேறு மலைபோல நிற்கும்.

பக்கத்திலேயே போதும் என்றால் 1850-இல் பிறந்த சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, இல்லாவிட்டால் கும்பகோணத்தில் இருப்பது. வரைந்து காட்டினால்தான் உள்ளே விடுவார்கள், கலை வரலாறு அங்கே பல பாடங்களில் ஒன்று. பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறையும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். விடுதிச் செலவுக்குக் காணாது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். எதுவும் அமையாவிட்டால் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, முதுநிலையில் இந்தப் பக்கம் திரும்பலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமி முதலில் படித்தது நிலவியல்! இலங்கைப் பாறைகளை ஆராய்ந்தவர், 1908-இல் கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதி, 1917-இல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் போய் உட்கார்ந்தார்.

விண்ணப்பத்தோடு 'ஏன் இந்தப் படிப்பு' என்று எழுதித் தரச் சொல்லும் இடங்கள் உண்டு. நேர்காணலிலும் அதைத்தான் கேட்பார்கள். பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். 'சிறு வயது முதலே எனக்குக் கலையில் ஆர்வம்' என்று ஆரம்பிப்பார்கள். கட்டுக்கட்டாக வரும் தாள்களில் பாதி அப்படித்தான் இருக்கும், படிப்பவருக்குக் கொட்டாவி வரும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்ததை வரிசையாக எழுதினாலே ஆள் தனியாகத் தெரிவார்.

பொருளுக்கு ஆரணியில் பஞ்சமா? போளூர் பக்கம் திருமலைக்கு ஒரு நாள் போய்வரட்டும். மலையில் ஐம்பது அடி உயரத்துக்குச் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிறார். ராஜேந்திர சோழன் தான் வென்ற நாடுகளை அடுக்கிச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. குந்தவை பெயரில் சமணக் கோயில், குடைவுகளின் விதானத்தில் ஓவியங்கள். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையான சமவசரணத்தைச் சக்கரம்போல வட்ட வட்டமாக வரைந்திருப்பதை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும். வண்ணம் எங்கே உதிர்ந்திருக்கிறது, கோடு எங்கே தடித்திருக்கிறது என்று நோட்டில் குறித்துவந்தால் நேர்காணலில் பேசுவதற்குச் சரக்கு கிடைத்துவிடும்.

அவளுக்குத் திருமலைகூட வேண்டியிருக்கவில்லை. ஆயாவின் புடவையைப் பாயில் விரித்து, கரையை மடித்து, அன்னத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போனில் படம் எடுத்தாள். பிறகு எழுதியதைச் சத்தமாக வாசித்தாள். அட்டைச் செலவு, வால், டிசைன் போடுபவர். அப்பா இழை முடிந்துகொண்டே கேட்டார். "இதப் படிச்சு என்னம்மா பண்ணப்போற?" என்று காலையில் கேட்டவரும் அவர்தான்.

"அட்டை மட்டும் இல்ல பாப்பா," என்றார் நிமிராமலே. "வால்ல ஜரிகை போவுதில்ல? ஜரிகை வெல ஏறுன பிறகுதான் வாலைக் குறைச்சாங்க. அதையும் எழுது."